கனடா வந்ததும் முதலில் வாங்க வேண்டிய அட்டை: டொராண்டோ பொது நூலகம்

டொராண்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான். எந்த போன் பிளான் எடுக்கலாம், எந்த வங்கியில் கணக்கு தொடங்கலாம், இட்லி அரிசி எங்கே நன்றாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கூடவே நூலக அட்டை ஒன்று வாங்கிவிடுங்கள் என்பேன். பாதிப் பேர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. வேலை தேடி அலைகிற நேரத்தில் உட்கார்ந்து கதைப் புத்தகம் படிக்க யாரால் முடியும் என்று நினைக்கிறார்கள். அது நியாயமான கேள்விதான், ஆனால் இங்கே நூலகம் என்பது நம் ஊர் கிளை நூலகத்தை மனதில் வைத்து யோசிக்கிற விஷயம் இல்லை. அதனால் டொராண்டோ பொது நூலகத்தை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, புதிதாக வந்தவர்கள் கண்ணோடு பார்த்து, விரிவாகவே எழுதுகிறேன். ஐந்துக்கு நாலரை தருகிறேன். அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதும் கீழே வரும்.

முதலில் அட்டை. இந்த நாட்டுக்கு வந்தவுடன் நாம் நிற்கிற ஒவ்வொரு கவுன்ட்டரிலும் எதையாவது நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வாடகைக்கு வீடு கேட்டால் கிரெடிட் ஸ்கோர் கேட்பார்கள், நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கு அது எங்கிருந்து வரும்? வேலைக்கு விண்ணப்பித்தால் கனடிய அனுபவம் இருக்கிறதா என்பார்கள். இப்படிக் கேட்பது பாகுபாடு என்று இந்த ஒண்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013லேயே கொள்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் விளம்பரங்களில் அந்த வரி இருந்துகொண்டேதான் இருந்தது, 2026 ஜனவரி 1 முதல்தான் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அப்படிப் போடக் கூடாது என்று சட்டமே வந்தது. என்னையும் ஒரு வேலைவாய்ப்பு ஆலோசனை நிறுவனம், பெயர் வேண்டாம், சென்னையில் நான் பார்த்த இத்தனை வருட வேலையை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடச் சொன்னது. அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

நூலகக் கவுன்ட்டரில் உங்கள் பெயருக்கு ஓர் அடையாளமும், நீங்கள் டொராண்டோவில் இருக்கிறீர்கள் என்பதற்கு முகவரியோடு ஒரு தாளும் கேட்பார்கள். அவ்வளவுதான். பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவரா, படிக்க வந்தவரா, வொர்க் பர்மிட்டா, அகதிக் கோரிக்கை போட்டுக் காத்திருப்பவரா என்பது அந்த மேசைக்குத் தேவையில்லாத விவரம். டொராண்டோ மாநகராட்சி 2013ல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது, குடியேற்ற ஆவணம் இல்லாதவரும் பயமின்றி நகரத்தின் சேவைகளைப் பெறலாம் என்று. அந்தத் தீர்மானம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்குப் போனால் போதும். பணம் கிடையாது, கொஞ்ச நேரத்தில் அட்டை கையில் இருக்கும். என் பெயரோடும் இந்த ஊர் முகவரியோடும், எந்தப் படிவத்திலும் ‘தற்காலிக’ என்ற சொல் இல்லாமல், எனக்குக் கிடைத்த முதல் பொருள் அதுதான். அதனால்தான் அதன் மேல் எனக்கு இவ்வளவு பிரியமோ என்னவோ.

நகரம் முழுக்க 100 கிளைகள். 1883ல் நூலகம் வேண்டும் என்று மக்கள் வாக்குப் போட்டு, 1884ல் திறந்த நூலகம் இது. இன்றைக்கு இந்த ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் கிளைக்குள் நுழைந்தால் அதுவே கண்ணில் படும். நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் நம்மவர்கள் அதிகம் புழங்குவது சிடார்ப்ரே, மால்வர்ன், அஜின்கோர்ட் கிளைகள். எனக்குப் பிடித்தது ஸ்கார்பரோ டவுன் சென்டர் மாலுக்குப் பக்கத்தில், சிவிக் சென்டர் என்ற மாநகராட்சிக் கட்டிடத்தின் அருகே இருக்கும் கிளை. 2015ல் திறந்தார்கள், அதுதான் நூறாவது கிளை. சாய்ந்து நிற்கிற பெரிய மரத்தூண்கள், நிறைய வெளிச்சம், குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிடும்போது உள்ளே உட்கார அவ்வளவு நன்றாக இருக்கும்.

அந்தக் கிளையைப் பற்றிச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் சிவிக் சென்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1973ல் திறந்த அந்த வெள்ளைக் கட்டிடத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் மொரியாமா. டவுன்டவுனில் யங் தெருவில் இருக்கிற ஐந்து மாடி ரெஃபரன்ஸ் லைப்ரரியும் அவர் கட்டியதுதான், 1977. வான்கூவரில் பிறந்தவர், ஜப்பானிய வம்சாவளி. 1942ல், இரண்டாம் உலகப் போரின்போது, கனடா அரசு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரைப் பசிபிக் கரையிலிருந்து அகற்றியபோது சிறுவனான அவரும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பகுதியில் ஒரு முகாமில் இருக்க வேண்டியதாயிற்று. அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டுக் குடிமக்கள், இங்கேயே பிறந்தவர்கள். வீடு, கடை, மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் அரசே எடுத்து விற்றது. 1988ல்தான் மன்னிப்புக் கேட்டார்கள். முகாமில் இருந்தபோது அந்தப் பையன் ஆற்றங்கரையில் ஒரு மரவீடு கட்டினாராம். பிறகு வளர்ந்து, நீ இந்த நாட்டவன் இல்லை என்று சொன்ன அதே நாட்டின் பொதுக் கட்டிடங்களைக் கட்டினார். ரெஃபரன்ஸ் லைப்ரரிக்கு ஒரு தடவையாவது போங்கள். நுழைந்ததும் நடுவில் மேலே வரை திறந்தவெளி, எந்த மாடியில் நின்றாலும் மற்ற மாடிகளில் படிக்கிறவர்கள் தெரிவார்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்தத் திறந்தவெளியைப் பார்க்கும் விதமே மாறிவிடும். எனக்கு மாறியது.

அடுத்து, ஆங்கில உரையாடல் வட்டம். பல கிளைகளில் வாரம் ஒரு முறை நடக்கும். தன்னார்வலர் ஒருவர் நடத்துவார், ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம், கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. எனக்கு ஆங்கிலம் வரும், அதற்கு ஏன் போக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அலுவலக ஆங்கிலம் வரும் என்பது வேறு, எதிர் வீட்டுக்காரரிடம் பனி அள்ளுவதைப் பற்றி நின்று பேசுவது வேறு. நான் போன வட்டத்தில் இரானிலிருந்து வந்த ஒரு பொறியாளர், சீனாவிலிருந்து பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பாட்டி, 2022க்குப் பிறகு வந்த உக்ரைன் பெண் ஒருவர், எத்தியோப்பியாவிலிருந்து வந்த தம்பதி இருந்தார்கள். ஒரு நாள் பேச்சு வீட்டில் ஹீட்டிங் சரியில்லை என்பதில் போய் நின்றது. சீனப் பாட்டி தட்டுத்தடுமாறி, வீட்டுக்காரரிடம் சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருக்கிறது என்றார். நடத்திய பெண்மணி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஹீட்டிங் வீட்டுக்காரர் கையில் இருந்தால் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி வைக்க வேண்டும் என்பது மாநகராட்சி விதி, மாநகராட்சியின் உதவி எண்ணான 311க்குப் போன் பண்ணலாம், என்ன சொல்ல வேண்டும் என்று இப்போதே பேசிப் பார்ப்போம் என்றார். அன்று முழுக்க ஒருவர் வாடகைக்காரர், ஒருவர் 311 என்று மாறி மாறிப் பேசினோம். பாட்டி கடைசியில் உரக்கச் சொன்னார், வீடு குளிர்கிறது, தெர்மாமீட்டரில் 16 காட்டுகிறது, யாராவது வந்து பாருங்கள் என்று. எல்லோரும் கைதட்டினோம். காசு கொடுத்துப் படித்த எந்த ஆங்கில வகுப்பிலும் இது நடந்ததில்லை. முறையிட எனக்கும் உரிமை இருக்கிறது என்ற தைரியம் வருவதற்கு இலக்கணப் பயிற்சி உதவுவதில்லை, யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘கூப்பிடு, ஒன்றும் ஆகாது’ என்று சொல்ல வேண்டும்.

இங்கே இன்னொன்றும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடியேறியவர்களுக்கு என்றே தனியாக நடத்தும் அலுவலகங்கள் நிறைய இருக்கின்றன, நல்ல வேலை செய்கிறார்கள், ஆனால் அங்கே காத்திருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் நம்மைப் போலவே கோப்பும் கையுமாக இருப்பார்கள். நூலகத்தில் அப்படி இல்லை. உரையாடல் வட்டம் முடிந்து வெளியே வந்தால், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள், மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் ஒரு பெரியவர் செய்தித்தாள் படிப்பார், வீடு இல்லாத ஒருவர் ஹீட்டர் பக்கத்தில் அசந்து தூங்குவார், யாரும் யாரையும் எதற்கு வந்தாய் என்று கேட்க மாட்டார்கள். தூங்குகிறவரைப் பார்த்துப் புதிதாக வருகிற சில நம்மவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. அவரை வெளியே அனுப்புகிற இடமாக இருந்தால், என்னிடமும் ஒரு நாள் பி.ஆர். அட்டை கேட்கிற இடமாகத்தான் இருந்திருக்கும்.

தமிழ் அலமாரி. இதற்காகவே போகிறவர்கள் உண்டு. தமிழர் அதிகமுள்ள பகுதிக் கிளைகளில் நாவல், சிறுகதை, சமையல், ஆன்மிகம், குழந்தைகள் புத்தகம் என்று கலந்து இருக்கும். கிளைக்குக் கிளை மாறும், ஒன்றில் இல்லாததை இன்னொரு கிளையிலிருந்து நம் கிளைக்கே வரவழைக்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. குறை என்று சொன்னால், தேடுவது கொஞ்சம் கஷ்டம். நூலகங்களில் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு தனி முறை வைத்திருக்கிறார்கள், அதன்படி ‘ச’ வருகிற இடத்தில் எல்லாம் ‘சி’ (C) எழுத்துதான் போடுவார்கள். சுந்தரம் என்ற பெயரை நாம் பழக்கத்தில் ‘எஸ்’ (S) போட்டுத் தேடினால் தப்பிப் போகும். தெரியாதவர்கள் தமிழ்ப் புத்தகமே இல்லை என்று நினைத்துத் திரும்பிவிட வாய்ப்பு உண்டு. கவுன்ட்டரில் கேளுங்கள், தேடிக் கொடுப்பார்கள்.

அந்த அலமாரிக்கு எதிரே ஒரு பெரியவரைப் பார்த்தேன். புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பார்த்து, பிறகு பின்னட்டையைப் பார்த்து, மெதுவாக வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “பிள்ளை இந்தியாவோ?” என்றார். “ஆமாம் ஐயா, திருச்சி” என்றேன். “நான் யாழ்ப்பாணம். எங்கட நூலகம் எரிஞ்சது தெரியும்தானே?” தெரியும் என்றேன். 1981 ஜூன் முதல் தேதி விடிவதற்குள் சுமார் 97,000 புத்தகங்களும் பழைய ஓலைச்சுவடிகளும் சாம்பலானதைப் படித்திருக்கிறேன், ஆனால் அந்த மேசைகளில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த ஒருவரிடமிருந்து அன்றுதான் கேட்டேன். அதிகம் பேசவில்லை அவர். உடனே வேறு விஷயத்துக்கு வந்துவிட்டார். நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வாங்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், தெரியுமா என்றார். தெரியாது. வலைத்தளத்தில் ஒரு படிவம் இருக்கிறது, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எழுதி அனுப்பினால் பரிசீலிப்பார்கள். அவர் ஈழத்து எழுத்தாளர்களின் புத்தகங்களை அப்படித் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். “கேட்டால்தான் பிள்ளை வாங்குவினம். நாங்கள் கேக்காமல் விட்டால் எங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைப்பினம்” என்றார். அன்றிரவே நானும் இரண்டு தலைப்புகளுக்கு விண்ணப்பித்தேன்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் ஈழத் தமிழர்களுக்கும் இங்கே கோயில் வேறு, சங்கம் வேறு, கடை கூடப் பாதி வேறாகத்தான் இருக்கிறது. நான் அவரைச் சந்திக்கக் கூடிய இடம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சரி, நடைமுறை விஷயங்கள். சில கிளைகளில் குடியேறியோருக்கு உதவும் பணியாளர் உட்கார்ந்திருப்பார். பள்ளிச் சேர்க்கை, ஓ.ஹெச்.ஐ.பி. என்ற மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டை, குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை, படிப்புச் சான்றிதழ் மதிப்பீடு எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்ப உதவுவார். பல இடங்களில் இது மத்திய அரசின் நிதியில் நடப்பதால் முக்கியமாகப் பி.ஆர். உள்ளவர்களுக்கும், அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும்தான். படிக்க வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. நாடு அவர்களிடம் பல மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு, படிவம் நிரப்பக் கூட உதவாது என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. விதியை வைத்தது நூலகம் இல்லைதான். நூலகத்தின் மற்ற எல்லாமே அவர்களுக்கும் உண்டு.

ரெஸ்யூமே எழுதுவது பற்றிய பட்டறைகளுக்குப் போங்கள். போட்டோ, வயது, கல்யாணம் ஆனதா இல்லையா, அப்பா பெயர் என்று நாம் ஊரில் போடும் எதையும் இங்கே போடக் கூடாது என்பதை இலவசமாகவே சொல்லித் தருவார்கள், அதற்குப் போய் ஆலோசகருக்குப் பணம் கட்டாதீர்கள். குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகவும் உதவி உண்டு. 20 கேள்வி, 15 சரியாக இருக்க வேண்டும், அந்தத் தேர்வுக்கான புத்தகத்தை இரண்டு தடவை படித்தால் போதும் என்பார்கள் ஆனால் சேர்ந்து படித்தால் மனதில் நிற்கும். அருங்காட்சியகம், விலங்குப் பூங்கா போன்ற இடங்களுக்குக் குடும்பப் பாஸ் அட்டையை வைத்தே எடுக்கலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும், அது ஒன்றுக்கு மட்டும் கண் வைத்துக் காத்திருக்க வேண்டும். தாமதக் கட்டணம் 2022ல் எல்லோருக்கும் எடுத்துவிட்டார்கள். புத்தகத்தைத் தொலைத்தால் மட்டும் விலை கொடுக்க வேண்டும். அபராதத்துக்குப் பயந்து குழந்தைக்குப் புத்தகம் எடுக்காத அம்மாக்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

குறைகள். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கிளையும் ஒரே மாதிரி திறந்திருந்ததில்லை, வாரம் ஆறு நாள் தொழிற்சாலையில் நிற்கிறவருக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். புதிதாக வந்த பேர் பெற்ற புத்தகங்களுக்கு வரிசை மிக நீளம். உரையாடல் வட்டங்கள் பகல் நேரத்தில் வைத்தால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? மாலையில் இன்னும் அதிகம் வேண்டும். ஸ்கார்பரோவில் 2023 ஜூலையில் தடம் புரண்ட பிறகு ஆர்.டி. என்ற உள்ளூர் ரயிலையே நிறுத்திவிட்டார்கள், பஸ்ஸை நம்பி ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போவது குளிரில் சாதாரண விஷயம் இல்லை. அந்த அரை மதிப்பெண் இவற்றுக்காகத்தான்.

2023 அக்டோபர் கடைசியில் நூலகத்தின் கணினிகள் மேல் சைபர் தாக்குதல் நடந்தது. வலைத்தளம், பட்டியல், பொதுக் கணினிகள் எல்லாம் மாதக்கணக்கில் முடங்கின, ஊழியர்களின் சொந்த விவரங்களும் திருடு போயின. திரும்பி வந்த புத்தகங்களைப் பதிவு செய்ய வழியில்லாமல் சுமார் பத்து லட்சம் புத்தகங்கள் லாரிப் பெட்டிகளில் காத்துக் கிடந்தன. ஆனாலும் கிளைகளைப் பூட்டவில்லை. கணினி இல்லாத நூலகத்தில் என்ன இருக்கும் என்று கேட்டால், நாற்காலி, வெளிச்சம், சூடு, புத்தகம், பேச ஆள் எல்லாம் இருந்தது. இணையத்துக்கு நூலகத்தையே நம்பியிருந்தவர்கள்தான் தவித்துப் போனார்கள். வேலைக்கு விண்ணப்பிக்க வேறு கணினி இல்லாதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன், மிசிசாகா பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தந்த ஊரிலேயே தனி நூலகம் உண்டு, அதில் சேருங்கள். வேலையோ படிப்போ டொராண்டோவுக்குள் இருந்தால் இங்கேயும் இலவசமாக அட்டை கிடைக்கும், அதற்கு அத்தாட்சி கொண்டு போங்கள். பாஸ்போர்ட், கூடவே முகவரி உள்ள வாடகை ஒப்பந்தமோ வங்கிக் கடிதமோ எடுத்துக்கொண்டால் போதும். வார நாளில் காலையில் போனால் கூட்டம் இருக்காது, ஊழியர்கள் நின்று நிதானமாகச் சொல்வார்கள். உரையாடல் வட்டம் எந்தக் கிழமை, குடியேற்ற உதவிப் பணியாளர் என்றைக்கு வருவார், இந்த இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை இருந்தால் கூட்டிப் போங்கள், அதன் பெயரிலேயே தனி அட்டை தருவார்கள்.